பசுமைப் பயணத்துக்குப் படி உண்டா? எட்டாவது ஊதியக் குழு முன் ஒரு கேள்வி

புது தில்லி: மத்திய அரசு ஊழியர்களின் ஊதியத்தையும் படிகளையும் திருத்தி அமைப்பதற்காக, உச்ச நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது ஊதியக் குழு 2025 நவம்பரில் அமைக்கப்பட்டது. 18 மாதங்களில் அறிக்கை அளிக்க வேண்டும் என்பது அதற்கு விதிக்கப்பட்ட கெடு. ஏறத்தாழ 50 லட்சம் ஊழியர்களும் 69 லட்சம் ஓய்வூதியர்களும் இக்குழுவிடம் முதலில் எதிர்பார்ப்பது, அடிப்படை ஊதியம் எத்தனை மடங்கு உயரும் என்பதைத்தான். ஆனால், குழுவின் பார்வைக்கு வரும் படிகளில் ஒன்று, தலைநகர மக்கள் சுவாசிக்கும் காற்றோடு நேரடித் தொடர்பு உடையது. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வந்து செல்வதற்காக வழங்கப்படும் போக்குவரத்துப் படிதான் அது.

நாட்டிலேயே அதிக ஊழியர்களைக் கொண்ட பணி வழங்குநர்களில் ஒன்று மத்திய அரசு. அது தன் ஊழியர்களின் அன்றாடப் பயணத்துக்காக மாதந்தோறும் பெருந்தொகையைச் செலவிடுகிறது. எனினும், அந்த ஊழியர் பேருந்தில் வந்தாரா, மெட்ரோ ரயிலில் வந்தாரா, சைக்கிளில் வந்தாரா, தனியாகக் கார் ஓட்டி வந்தாரா என்று அது கேட்பதில்லை. அவர் எந்தப் பதவியில் இருக்கிறார் என்பதை மட்டுமே கேட்கிறது. புகையைக் குறைக்கும் பயணத்துக்குப் பணியிடங்களில் ஊக்கம் அளிக்க வேண்டும் என்று அமைச்சர்களும் நீதிமன்றங்களும் பல ஆண்டுகளாகக் கூறி வந்தபோதிலும், ஊதிய விதிகளிலும் வரி விதிகளிலும் அந்த எண்ணத்துக்கு இதுவரை இடம் கிடைக்கவில்லை.

பதவியே அளவுகோல்

போக்குவரத்துப் படி, ஐந்தாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி 1997 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அன்று பெருநகரங்களில் உயர் அதிகாரிகளுக்கு மாதம் ரூ.800, நடுநிலை ஊழியர்களுக்கு ரூ.400, கடைநிலை ஊழியர்களுக்கு ரூ.100 என நிர்ணயிக்கப்பட்டது. மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே எட்டு மடங்கு வேறுபாடு. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2008-ல் இது முறையே ரூ.3,200, ரூ.1,600, ரூ.600 என உயர்ந்தது. அதனுடன் அகவிலைப்படியும் சேர்க்கப்பட்டது.

ஏழாவது ஊதியக் குழுவின் அடிப்படையில் 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதம் இது: ஒன்பதாம் ஊதிய நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ரூ.7,200, மூன்றாம் நிலை முதல் எட்டாம் நிலை வரை ரூ.3,600, முதல் இரண்டு நிலைகளில் இருப்பவர்களுக்கு ரூ.1,350. மூன்றுக்கும் அகவிலைப்படி தனி. இந்த விகிதம் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, கோவை உள்ளிட்ட 19 நகரங்களுக்குப் பொருந்தும். மதுரை, திருச்சி போன்ற பிற ஊர்களில் முறையே ரூ.3,600, ரூ.1,800, ரூ.900 மட்டுமே. முதல் இரண்டு நிலைகளில் இருந்தாலும் அடிப்படை ஊதியம் ரூ.24,200-ஐ எட்டியவர்களுக்கு அடுத்த பிரிவின் தொகை கிடைக்கும் என்று பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால், ரூ.18,000 ஊதியத்தில் பணியில் சேர்ந்த ஒருவர் ஆண்டு உயர்வை மட்டும் பெற்று அந்த அளவை எட்டுவதற்குச் சுமார் 10 ஆண்டுகள் ஆகும்.

இந்தத் தொகைகள் நடைமுறையில் எதற்குப் போதுமானவை என்பதைத் தில்லி மெட்ரோ கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2025 ஆகஸ்ட் 25 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி, 21 கி.மீ.க்கு மேல் 32 கி.மீ. வரையிலான பயணத்துக்கு வேலை நாட்களில் ரூ.54. நகரின் விளிம்பிலிருந்தோ அண்டை மாநிலத்துப் புறநகர்களிலிருந்தோ வரும் ஊழியர் ஒருவர், மாதத்தில் 22 நாட்கள் சென்று திரும்ப ரூ.2,376 ஆகிறது. பயண அட்டைக்கான 10 சதவீதத் தள்ளுபடி போக ரூ.2,138. கடைநிலை ஊழியருக்கு 2025 ஜூலை முதல் கணக்கிடப்பட்ட 58 சதவீத அகவிலைப்படியுடன் சேர்த்துக் கிடைத்த படி ரூ.2,133. ரயில் கட்டணத்துக்கே ஐந்து ரூபாய் குறைகிறது. வீட்டிலிருந்து நிலையம் வரை செல்லும் பகிர்வு ஆட்டோவுக்கும் மின்ரிக்ஷாவுக்கும் ஆகும் செலவு இதில் சேரவில்லை.

அதே ரயிலில், அதே தூரத்தை, அதே கட்டணத்தில் கடக்கும் ஒன்பதாம் நிலை அதிகாரிக்கு அதே கணக்கில் கிடைத்த படி ரூ.11,376. மெட்ரோ ரயிலில் கட்டணம் பதவி பார்த்து வசூலிக்கப்படுவதில்லை. ஆகவே, இந்த வேறுபாட்டுக்கு ஒரே விளக்கம்தான் இருக்க முடியும். அதிகாரி சொந்தக் காரில் வருவார், கடைநிலை ஊழியர் பேருந்தில் வருவார் என்ற பழைய அனுமானத்தின் மீதே இந்தப் படி கட்டப்பட்டிருக்கிறது.

இதற்கும் மேல் ஒரு படிநிலை உண்டு. அரசு வாகனத்தைப் பயன்படுத்தத் தகுதி பெற்ற, இணைச் செயலாளர் முதலான பதினான்காம் நிலைக்கும் அதற்கு மேலும் உள்ள அதிகாரிகள், அந்த வாகன வசதியைப் பெறலாம். அல்லது அதை விட்டுக்கொடுத்து மாதம் ரூ.15,750-ம் அதற்குரிய அகவிலைப்படியும் பெற்றுக்கொள்ளலாம். வாகனம், ஓட்டுநர், எரிபொருள் ஆகியவற்றுக்காக அரசு செய்யும் செலவோடு ஒப்பிட்டால் இது சிக்கனமே. ஆனாலும் இங்கு அதிகாரி முன் வைக்கப்படும் இரு வாய்ப்புகளும் கார் என்ற ஒன்றை மையமாகக் கொண்டவையே.

ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக அரசு அலுவலகங்களில் பணிபுரியும் காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், கணினி இயக்குநர்கள் ஆகியோர் இந்த ஊதிய நிலைகளுக்கு வெளியே நிற்கின்றனர். அவர்களுக்கு இந்தப் படி கிடையாது. பேருந்தையும் சைக்கிளையும் பெரிதும் நம்பியிருப்பவர்கள் இவர்களைப் போன்றவர்களே.

ரொக்கமும் நிழல் சலுகையும்

போக்குவரத்துப் படி ரொக்கமாக வழங்கப்படுவதால், பொதுப் போக்குவரத்தில் வருபவர் மிச்சப் பணத்தைத் தாமே வைத்துக்கொள்ளலாம். அதுவே ஓர் ஊக்கம்தானே என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. நாள்காட்டி மாதம் முழுவதும் விடுப்பிலோ சுற்றுப்பயணத்திலோ இருந்தால் மட்டுமே படி நிறுத்தப்படும். மற்றபடி ஊழியர் எப்படி வந்தாலும் தொகை மாறுவதில்லை. படியை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், அது காருக்குச் சாதகமும் இல்லை, பேருந்துக்குப் பாதகமும் இல்லை.

ஆனால், ஊதியச் சீட்டில் இடம்பெறாத சலுகை ஒன்றும் இருக்கிறது. அலுவலக வளாகத்தில் கட்டணம் இன்றிக் கிடைக்கும் வாகன நிறுத்துமிடம்தான் அது. நாட்டிலேயே நிலமதிப்பு மிகுந்த பகுதிகளில் ஒன்றான மத்திய தில்லியில் ஒரு கார் நாள் முழுவதும் நிற்பதற்கான இடத்தின் மதிப்பு சிறிதல்ல. அந்த இடத்தை அமைப்பதற்கும் பராமரிப்பதற்கும் ஆகும் செலவை அரசே ஏற்கிறது. காரில் வருபவர் படியுடன் இந்த இடத்தையும் பெறுகிறார். பேருந்தில் வருபவருக்கு அதற்கு ஈடாக எதுவும் இல்லை.

2025 ஆகஸ்ட் 6-ம் தேதி பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்த கர்த்தவ்ய பவன்-3 கட்டடம், மத்திய அமைச்சகங்களை ஓரிடத்தில் கொண்டுவரும் பொதுத் தலைமைச் செயலகத் திட்டத்தின் முதல் கட்டடம். எரிசக்திச் சிக்கனத்துக்காகப் பாராட்டப்பட்ட இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் சுமார் 600 கார்களை நிறுத்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மத்தியச் செயலக மெட்ரோ நிலையம் 2005 ஜூலையிலேயே திறக்கப்பட்டுவிட்டது. உத்யோக் பவன் நிலையம் 2010-ல் வந்தது. இந்தப் பகுதியின் அலுவலகங்களை இணைக்கும் மேலும் ஒரு மெட்ரோ தடத்துக்கு 2025 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நாள்தோறும் சுமார் 60 ஆயிரம் அலுவலக ஊழியர்கள் அதனால் பயனடைவர் என்று அப்போது கூறப்பட்டது. ரயில் தடத்துக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் ஒரே கருவூலம் ஒரே சமயத்தில் செலவிடுகிறது.

இந்த முரண்பாட்டை ஆராய்ந்து முடிவு கண்ட அனுபவம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்கு உண்டு. ஊழியர்களுக்காக வாகன நிறுத்துமிடத்தை வாடகைக்கு எடுக்கும் குறிப்பிட்ட நிறுவனங்கள், அந்த இடம் வேண்டாம் என்பவர்களுக்கு அதன் மதிப்பை ரொக்கமாகத் தர வேண்டும் என்று அங்கு 1992-ல் சட்டம் இயற்றப்பட்டது. அதைப் பின்பற்றிய எட்டு நிறுவனங்களை லாஸ் ஏஞ்சலீஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் ஆராய்ந்தார். தனியாகக் கார் ஓட்டி வந்தவர்களின் பங்கு 76 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாகக் குறைந்தது தெரிய வந்தது. எவருடைய காரும் தடை செய்யப்படவில்லை. நிறுத்துமிடத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பது ஊழியர்களின் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவே.

கார் கடனும் சைக்கிள் கடனும்

அரசின் பழைய கடன் விதிகளும் இதே கண்ணோட்டத்தைக் காட்டுகின்றன. 2008-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, அரசு ஊழியர் முதல் முறை கார் வாங்க ரூ.1,80,000 வரையும், மோட்டார் சைக்கிள் வாங்க ரூ.30,000 வரையும் முன்பணம் பெறலாம். சைக்கிளுக்கும் முன்பணம் உண்டு, ரூ.3,000. ஆனால், தர ஊதியம் ரூ.2,800-க்கு மிகாதவர்களுக்கு மட்டுமே அது. சைக்கிளில் வரும் அதிகாரி ஒருவரை விதிகளை எழுதியவர்கள் கற்பனை செய்துகூடப் பார்க்கவில்லை. ஏழாவது ஊதியக் குழு இந்த மூன்று முன்பணங்களையும் நீக்கிவிட்டது.

சைக்கிளுக்காக இன்று எஞ்சியிருப்பது, அஞ்சல் துறையின் தபால்காரர்களுக்கும் ரயில்வேயின் தண்டவாளப் பராமரிப்பாளர்களுக்கும் வழங்கப்படும் சைக்கிள் படி. அதையும் நீக்கிவிட ஏழாவது ஊதியக் குழு பரிந்துரைத்தது. 2017 ஜூனில் மத்திய அமைச்சரவை அதை ஏற்காமல், மாதம் ரூ.90 ஆக இருந்த படியை ரூ.180 ஆக இரட்டிப்பாக்கியது. இதனால் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயனடைவர் என்று அறிவிக்கப்பட்டது. இதுவும் பணி நேரத்துப் பயணத்துக்கானதே தவிர, அலுவலகம் வந்து செல்வதற்கானது அல்ல.

வரி விதிகளில் தேய்ந்த சலுகை

தனியார் துறை ஊழியர்களுக்கு ஊதியக் குழு இல்லை. அவர்களுடைய பயணச் சலுகையைத் தீர்மானிப்பது வருமான வரிச் சட்டம். நீண்ட காலமாகப் போக்குவரத்துப் படியில் மாதம் ரூ.800-க்கு வரி விலக்கு இருந்தது. 2015-ம் ஆண்டு பட்ஜெட்டில் அது ரூ.1,600 ஆக உயர்த்தப்பட்டது. 2018-ம் ஆண்டு பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி இந்த விலக்கையும் மருத்துவச் செலவுக்கான விலக்கையும் நீக்கி, அவற்றுக்குப் பதிலாக ரூ.40,000 நிலையான கழிவை அறிவித்தார். மாற்றுத் திறனாளிகளுக்கு மட்டும் போக்குவரத்துப் படி விலக்கு தொடர்ந்தது. நிலையான கழிவு 2019-ல் ரூ.50,000 ஆகவும், 2024 ஜூலை பட்ஜெட்டில் புதிய வரி முறையின் கீழ் ரூ.75,000 ஆகவும் உயர்ந்தது. கணக்கு எளிதாயிற்று. ஆனால், பயணம் என்ற பெயரில் இருந்த ஒரே சலுகையும் பொதுக் கழிவில் கரைந்து போயிற்று.

மறுபுறம், நிறுவனம் தரும் காருக்கான சலுகை நிலைத்து நின்றது. 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த விதிப்படி, நிறுவனத்தின் காரை அலுவலகப் பணிக்கும் சொந்தப் பணிக்கும் சேர்த்துப் பயன்படுத்தும் ஊழியரின் வருமானத்தில், சிறிய காராக இருந்தால் மாதம் ரூ.1,800, 1.6 லிட்டருக்கு மேற்பட்ட இயந்திரம் கொண்ட பெரிய காராக இருந்தால் ரூ.2,400, ஓட்டுநர் இருந்தால் மேலும் ரூ.900 மட்டுமே சேர்க்கப்பட்டது. காரின் விலையும் எரிபொருள் செலவும் எவ்வளவு உயர்ந்தாலும் வரிக் கணக்கில் இத்தொகைதான். அதே ஊழியருக்கு நிறுவனம் மெட்ரோ பயண அட்டைக்கோ சைக்கிளுக்கோ பணம் கொடுத்தால் அது ஊதியமாகவே கருதப்பட்டது.

சட்டத்தில் பாராட்டத் தக்க ஓர் அம்சமும் இருந்தது. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஊழியர்களை அழைத்து வர நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனம், ஊழியரின் வருமானமாகக் கருதப்படுவதில்லை. 2005-ல் அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் கொண்டுவந்து, 2009-ல் பிரணாப் முகர்ஜியால் கைவிடப்பட்ட விளிம்புநிலைப் பலன் வரியிலும் ஊழியர்களின் அன்றாடப் பயணத்துக்கான வசதிக்கு விலக்கு இருந்தது. இருப்பினும் 50 பேரைச் சுமக்கும் பேருந்துக்கும் ஒருவரைச் சுமக்கும் காருக்கும் இந்த விலக்கு வேறுபாடு காட்டவில்லை.

2019 ஜூலை பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், மின்வாகனம் வாங்கப் பெறும் கடனுக்கான வட்டியில் ரூ.1.5 லட்சம் வரை கழிவு அறிவித்தார். 2023 மார்ச் 31 வரை பெற்ற கடன்களுக்கே அது பொருந்தும். வாகனம் வாங்குவோருக்கு இந்தச் சலுகை கிடைத்த காலத்தில், வாகனமே வாங்காமல் பேருந்தில் செல்பவருக்கு அதற்கு இணையான எதுவும் அறிவிக்கப்படவில்லை.

அடையாளப் பயணங்கள்

நாடாளுமன்ற வளாகம் பசுமைப் பயணக் காட்சிகளுக்குப் பழக்கப்பட்டது. 2013 அக்டோபரில் பெட்ரோலியத் துறை அமைச்சராக இருந்த வீரப்ப மொய்லி, எரிபொருள் சிக்கன இயக்கத்தின் பகுதியாக மெட்ரோ ரயிலில் அலுவலகம் சென்றார். புதன்கிழமைதோறும் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துமாறு தமது அமைச்சக ஊழியர்களையும் கேட்டுக்கொண்டார். 2016 ஜூலையில் அர்ஜுன் ராம் மேக்வால் அமைச்சராகப் பதவியேற்கக் குடியரசுத் தலைவர் மாளிகைக்குச் சைக்கிளில் வந்தார். 2019 நவம்பரில் தில்லி புகைமூட்டத்தில் தவித்தபோது தொடங்கிய குளிர்காலக் கூட்டத் தொடருக்கு மன்சுக் மாண்டவியாவும் மனோஜ் திவாரியும் சைக்கிளிலும், பிரகாஷ் ஜாவடேகர் மின்காரிலும் வந்தனர். 2022 மார்ச்சில் நிதின் கட்கரி ஹைட்ரஜன் எரிபொருளில் இயங்கும் காரில் நாடாளுமன்றம் வந்தார்.

இவர்களின் நோக்கத்தைக் குறை கூற வேண்டியதில்லை. ஆனால், ஓர் அமைச்சரின் ஆர்வம் அவர் துறை மாறும்போது அவருடனேயே சென்றுவிடுகிறது. ஊதிய விதியில் எழுதப்பட்ட ஒரு வரி, அடுத்த ஊதியக் குழு வரும் வரை நீடிக்கிறது.

குளிர்காலத்து உத்தரவுகளின் கதையும் இத்தகையதே. 2016 ஜனவரியிலும் ஏப்ரலிலும், பின்னர் 2019 நவம்பரிலும் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் வாகனக் கட்டுப்பாட்டைத் தில்லி அரசு கொண்டுவந்தது. 2024 நவம்பரில் காற்றுமாசு அளவு கடந்தபோது, மாநகராட்சி அலுவலகங்கள் காலை 8.30-க்கும், மத்திய அரசு அலுவலகங்கள் 9 மணிக்கும், தில்லி அரசு அலுவலகங்கள் 10 மணிக்கும் தொடங்கும் என மாற்றப்பட்டது. வாகனங்களைப் பகிர்ந்துகொள்ளவும் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தவும் மத்தியப் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. அறிவுரையைப் பின்பற்றுபவருக்கு என்ன கிடைக்கும் என்பது அதில் இல்லை. காற்று சற்றுத் தெளிந்ததும் அறிவுரையும் மறக்கப்பட்டது.

கான்பூர் ஐ.ஐ.டி. தில்லி அரசுக்காக மேற்கொண்டு 2016-ல் வெளியான ஆய்வு, குளிர்காலத்தில் நுரையீரலுக்குள் ஊடுருவும் நுண்துகள்களில் 20 முதல் 25 சதவீதம் வரை வாகனங்களிலிருந்து வருவதாக மதிப்பிட்டது. வைக்கோல் எரிப்பு சில வாரங்களில் முடிந்துவிடும். வாகனப் புகை ஆண்டு முழுவதும் தொடர்கிறது.

ஏற்கெனவே பசுமையாகப் பயணிப்போர்

இந்தியாவில் பசுமைப் பயணத்துக்கான ஊக்கத்தொகை என்றதும், கார் வைத்திருப்பவரைப் பேருந்துக்கு இழுப்பதைப் பற்றியே பேசப்படுகிறது. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறொரு உண்மையைச் சொல்கிறது. விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற பணிகளில் இருந்த சுமார் 20 கோடிப் பேரில், ஏறத்தாழ 4.5 கோடிப் பேர் வேலைக்கு நடந்தே சென்றனர். சைக்கிளில் சென்றவர்கள் சுமார் 2.6 கோடி. பேருந்தில் சென்றவர்கள் சுமார் 2.3 கோடி. இருசக்கர மோட்டார் வாகனங்களில் சென்றவர்கள் சுமார் 2.5 கோடி. காரில் சென்றவர்கள் ஏறத்தாழ 54 லட்சம் மட்டுமே.

அதாவது, நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் பேருந்தில் செல்வோரும் சேர்ந்து, காரில் செல்வோரைப் போல் 17 மடங்குக்கும் மேல் இருந்தனர். அவர்கள் சுற்றுச்சூழல் மீதான அக்கறையால் நடக்கவில்லை. வேறு வழியின்றி நடக்கின்றனர். வருமானம் சற்று உயர்ந்ததும் முதலில் வாங்குவது இருசக்கர மோட்டார் வாகனம்தான். ஆகவே இந்நாட்டில் பசுமைப் பயண ஊக்கம் என்பதற்கு இரண்டு பணிகள் உண்டு. காரில் வருபவரை மாற்றுவது ஒன்று. பேருந்தில் வருபவர் பேருந்திலேயே தொடர்வதற்குக் காரணம் ஏற்படுத்துவது மற்றொன்று. இரண்டாவது பணி செலவு குறைந்தது, ஆனால் கவனிக்கப்படாதது.

மத்திய அரசு 2006-ல் வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலை இடத்தை வாகனங்களுக்கு அல்ல, மனிதர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை முன்வைத்தது. அதே அரசின் நிதி அமைச்சகம் வகுத்த போக்குவரத்துப் படி விதியில் இந்தக் கொள்கையின் சாயல்கூட இல்லை.

பெங்களூரும் மும்பையும்

தனியார் துறையில் பணியிடப் பயணத்தை ஓரளவு ஒழுங்குபடுத்தியவை மென்பொருள் நிறுவனங்கள். பெங்களூரின் மின்னணு நகரத்திலும் வெளிவட்டச் சாலையிலும் உள்ள நிறுவனங்கள் ஊழியர்களுக்குப் பேருந்துகளையும் பகிர்வு வாகனங்களையும் இயக்கி வருகின்றன. காற்றைப் பற்றிய கவலை இதற்கு முதற்காரணம் அல்ல. இரவுப் பணி, பெண் ஊழியர்களின் பாதுகாப்பு குறித்த சட்டக் கட்டாயம், குறித்த நேரத்துக்கு ஊழியர் வந்து சேர வேண்டிய தேவை ஆகியவையே காரணங்கள். காரணம் எதுவாயினும் விளைவு நல்லதாகவே இருந்தது.

2025 ஆகஸ்ட் 10-ம் தேதி திறக்கப்பட்ட பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடத்தில், கோனப்பன அக்ரஹாரா நிலையத்துக்கு இன்ஃபோசிஸ் அறக்கட்டளையும் ஹெப்பகோடி நிலையத்துக்குப் பயோகான் அறக்கட்டளையும் நிதியளித்தன. பணி வழங்குவோர் பொதுப் போக்குவரத்தில் முதலீடு செய்த அரிய உதாரணம் இது. எனினும், அந்த நிலையத்தில் இறங்கும் ஊழியரின் பயண அட்டைக்கு நிறுவனம் பணம் செலுத்துவதை ஊக்குவிக்கும் வரிச் சலுகை மத்திய சட்டத்தில் இல்லை.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள், 2022-23 முதல் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பறிக்கை தாக்கல் செய்வதைச் செபி கட்டாயமாக்கியது. ஊழியர்களின் அன்றாடப் பயணத்தால் வெளியாகும் புகையும் கணக்கிடப்பட வேண்டிய இனங்களில் ஒன்றுதான். ஆனால் அது விருப்பத்தின் பேரில் தெரிவிக்கும் பகுதியில் வைக்கப்பட்டது.

மும்பையில் மத்திய ரயில்வே 2023 நவம்பர் 1 முதல் தனது தலைமையக ஊழியர்களுக்குக் காலை 9.30, 11.30 என இருவேறு பணி நேரங்களை அறிமுகப்படுத்தியது. மற்ற நிறுவனங்களும் இதைப் பின்பற்றுமாறு கேட்டுக்கொண்டது. புறநகர் ரயில்களின் நெரிசலைக் குறைப்பதே நோக்கம். பணப் பலன் இன்றியும் பணி வழங்குநர் செய்யக்கூடிய உதவி இது. தில்லி மெட்ரோவிலும் நெரிசல் இல்லாத நேரத்தில் பயணம் செய்தால் கூடுதலாக 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஆனால் காலை 8 மணிக்கு முன் நிலையத்துக்குள் நுழையும் ஊழியரை முன்னதாக வீட்டுக்கு அனுப்ப அலுவலகம் சம்மதித்தால்தான் அந்தத் தள்ளுபடி அவருக்குப் பயன்படும்.

கார் பகிர்வுக்குச் சட்டமே நீண்ட காலம் குறுக்கே நின்றது. சொந்த வாகனத்தில் கட்டணம் பெற்று ஆள் ஏற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை. 2020 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், மாநிலங்கள் தடை செய்யாதவரை, தனியார் காரில் நாளொன்றுக்கு நகருக்குள் நான்கு பகிர்வுப் பயணங்கள் வரை அனுமதித்தன. அலுவலகம் சென்று வர இது போதுமானது. ஆயினும் முடிவெடுக்கும் உரிமை மாநிலங்களிடம் விடப்பட்டதால் நாடு முழுவதும் ஒரே நிலை உருவாகவில்லை.

ஊழியர்களின் அச்சம்

போக்குவரத்துப் படியைப் பயண முறையோடு இணைக்க வேண்டும் என்றால் ஊழியர்கள் தயங்குவதற்கு இடமிருக்கிறது. ரொக்கமாகக் கிடைப்பதைப் பயண அட்டையாக மாற்றுவது ஊதியக் குறைப்பாகவே முடியும். மெட்ரோவே இல்லாத ஊரில் பணியாற்றும் அஞ்சல் ஊழியருக்கு அட்டையால் பயனில்லை. நிலையத்திலிருந்து வீடு வரையிலான இருண்ட தெருவை நினைத்தே பல பெண் ஊழியர்கள் ஸ்கூட்டரைத் தேர்ந்தெடுக்கின்றனர். மாற்றுத் திறனாளி ஊழியர்களுக்கு இரு மடங்கு படி வழங்கப்படுவதற்குத் தெளிவான காரணம் உண்டு. அதில் கை வைக்க முடியாது.

பேருந்துகளின் எண்ணிக்கையும் ஒரு தடை. 1998 ஜூலை 28-ல் தில்லிப் பேருந்துகளை சி.என்.ஜி. எரிபொருளுக்கு மாற்றுமாறு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவிலேயே, 2001 ஏப்ரலுக்குள் பேருந்துகளின் எண்ணிக்கையை 10 ஆயிரமாக உயர்த்த வேண்டும் என்றும் கூறப்பட்டிருந்தது. எரிபொருள் மாற்றம் 2002 இறுதியில் நிறைவேறியது. 10 ஆயிரம் பேருந்துகள் என்ற இலக்கு கால் நூற்றாண்டாகியும் எட்டப்படவில்லை. வராத பேருந்துக்கு ஊக்கத்தொகை அளித்துப் பயனில்லை.

மின்கார்களே தீர்வு என்ற எண்ணமும் அரசிடம் உண்டு. அரசுத் துறைகளுக்காக 10 ஆயிரம் மின்கார்களை வாங்க, பொதுத் துறை நிறுவனமான எரிசக்தித் திறன் சேவை நிறுவனம் 2017-ல் டாடா மோட்டார்ஸைத் தேர்ந்தெடுத்தது. மின்காரால் தெருவில் புகை குறையும். ஆனால், ஓர் அதிகாரி, ஓர் ஓட்டுநர், ஒரு கார் என்ற கணக்கு மாறாது. சாலையும் நிறுத்துமிடமும் அதே அளவு தேவைப்படும்.

குழுவின் முன் உள்ள வழிகள்

இருக்கும் படியைக் குறைக்காமல் செய்யக் கூடியவை சில உண்டு. முதலாவது, கடைநிலை ஊழியரின் படியைப் பொதுப் போக்குவரத்தின் உண்மையான கட்டணத்தோடு இணைப்பது. மெட்ரோ கட்டணம் உயரும்போது படியும் உயரும் என்றால், ரூ.1,350 பெறுபவர் இருசக்கர வாகனக் கடனுக்குள் தள்ளப்பட மாட்டார். இரண்டாவது, படிக்கு மேலாக, விருப்பப்படுபவர்களுக்கு மாதப் பயண அட்டையின் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்பது. பிரான்ஸில் பொதுப் போக்குவரத்துச் சந்தாக் கட்டணத்தில் பாதியைப் பணி வழங்குநர் ஏற்பது சட்டப்படி கட்டாயம். ஒரே அட்டையில் மெட்ரோவிலும் பேருந்திலும் செல்ல உதவும் தேசியப் பொதுப் பயண அட்டை 2019 மார்ச்சிலேயே அறிமுகமாகிவிட்டது. எனவே தொழில்நுட்பம் தடையல்ல.

மூன்றாவது, நிறுத்துமிடத்தின் மதிப்பைக் கணக்கில் கொண்டுவருவது. அலுவலக வளாகத்தில் காருக்கான இடத்தை விட்டுக்கொடுப்பவருக்கு ஒரு தொகை வழங்கலாம். அரசு வாகனத்தை விட்டுக்கொடுக்கும் உயர் அதிகாரிக்கு மாதம் ரூ.15,750 வழங்கும் விதி ஏற்கெனவே உள்ளது. வசதி ஒன்றை விட்டுக்கொடுப்பவருக்கு ஈட்டுத்தொகை என்ற அந்த நியதியை, வாகன நிறுத்துமிடத்துக்கும் எல்லா நிலை ஊழியர்களுக்கும் விரிவுபடுத்துவதுதான் இது. நான்காவது, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பயண அட்டை வழங்குவதை ஒப்பந்தப் புள்ளியின் நிபந்தனையாகச் சேர்ப்பது.

தனியார் துறையைப் பொறுத்தவரை முடிவு நிதி அமைச்சகத்தின் கையில் உள்ளது. 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. பணி வழங்குநர் செலுத்தும் பொதுப் போக்குவரத்துக் கட்டணத்துக்கும் சைக்கிளுக்கும் குறிப்பிட்ட வரம்புக்குள் விலக்கு அளிக்க ஒரு சிறு திருத்தம் போதும். சைக்கிளுக்கான இத்தகைய வரிச் சலுகை பிரிட்டனில் 1999 முதல் இருந்து வருகிறது. நிறுவனக் கார்களுக்குப் பல ஆண்டுகள் கிடைத்த தாராளத்தோடு ஒப்பிட்டால், இதனால் ஏற்படும் வருவாய் இழப்பு பெரிதாக இருக்காது.

போக்குவரத்துப் படியின் விகிதங்கள் 1997, 2008, 2017 ஆகிய ஆண்டுகளில் நிர்ணயிக்கப்பட்டன. ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒரு முறையே இந்த விதியைத் திருத்தும் வாய்ப்பு வருகிறது. நீதிபதி தேசாய் குழுவின் அறிக்கை, விதிக்கப்பட்ட கெடுவின்படி 2027-ம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் அரசிடம் சேர வேண்டும். அதில் போக்குவரத்துப் படிக்குரிய பகுதி, பழைய மூன்று தொகைகளைப் பெருக்கி எழுதுவதோடு முடிந்துவிட்டால், ஊழியர் எப்படி வந்தார் என்ற கேள்வியைக் கேட்க அடுத்த ஊதியக் குழு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்குள் தில்லி மேலும் பத்துக் குளிர்காலங்களைக் கடந்திருக்கும்.